எத்தனை பேர் தங்குவார்கள்?

படகுத்துறையும் பள்ளிக்கூடமும் கடையும் தீவின் மேற்குக் கரையில் இருந்தன. கெபெகோலின் வீடு மட்டும் கிழக்கில், போர்க்காலத்து விமான ஓடுபாதைக்கும் காட்டுக்கும் நடுவில் ஒண்டியாக நின்றது. அவள் புருஷன் இசாவோ பன்றி வளர்க்கக் கிளம்பிய காலத்தில், நாற்றம் தாங்கவில்லை என்று கூடப்பிறந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "உங்க மூக்குக்கு எட்டாத எடத்துக்குப் போறேன்டா" என்று ரோஷப்பட்டு, பெண்டாட்டியின் தாய்வழிக் குலத்து நிலத்தில் கொண்டுபோய் அந்த வீட்டைக் கட்டினான். அப்போது அது ஒதுக்குப்புறமாகவே தெரியவில்லை. இசாவோ ஒரு ஆள் இருந்தால் பத்துப் பேர் இருப்பதுபோல. மீனைக் கையில் எடுத்தால் மீனோடு பேசுவான். ஆணி அடித்தால் ஆணியைத் திட்டிக்கொண்டே அடிப்பான். பிள்ளைகள் இரண்டும் ஓடுபாதையில் சைக்கிள் விட்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வளர்ந்தன.

மகள் மெர்லின் முதலில் போனாள், குவாம் தீவில் ஓட்டல் வேலைக்கு. மகன் வின்சன் தீவின் மற்றப் பையன்களைப் போலவே அமெரிக்கப் படையில் சேர்ந்து டெக்சாஸுக்குப் போய்விட்டான். இசாவோவுக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்டது. இரத்தம் சுத்தம் செய்யக் கடல் தாண்டிப் பெரிய ஊரான கொரோருக்குப் போனவன் பெட்டியில்தான் திரும்பி வந்தான். வீட்டுக்குப் பக்கத்திலேயே கல் அடுக்கி அடக்கம் செய்தார்கள். சாவுக்கு வந்த கூட்டம் சாப்பிட்டு, பாக்கு மென்று, அழுது, சிரித்து, அடுத்த படகில் கலைந்தது.

"இங்க யாருக்குடி காவல் இருக்கப் போற?" என்று எபில் அவளைத் தன்னோடு கொரோருக்கு அழைத்துப் போனாள். எபில் அவளுக்குப் பெரியம்மா மகள். குலத்தின் மூத்த பெண் அவள்தான். அவள் தலையசைக்காமல் குலத்து நிலத்தில் ஒரு குழிகூட வெட்ட முடியாது. அவள் வீட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கொரு மூலை. சோறு ஆக்கினால் அள்ளிக்கொண்டு போனார்கள். யாரும் அவளை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. வேறு சொல்லும் பேசவில்லை. மாதம் ஒன்று ஓடியதும், பன்றிக்குட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டுப் படகேறினாள். பன்றிகளை எப்போதோ விற்றாகிவிட்டது. எபிலுக்கும் அது தெரியும்.

அதன்பிறகு அவளுக்குப் பேச்சுத்துணை குரங்குகள்தான். பப்பாளி பழுத்தால் மரத்தோடு காலி, சேம்பு வயலுக்குள் இறங்கினால் கிழங்கோடு காலி. "நாசமாப் போறவனே, உங்கப்பன் நட்டதா?" என்று அவள் கல்லெறிவாள். அவை பல்லைக் காட்டிப் பதில் சொல்லும். நாளெல்லாம் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைக் கூட்டிப் பார்த்தால் பாதிக்குமேல் வசவாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வின்சன் கூப்பிடுவான். "சாப்பிட்டியாம்மா? மழையா? சரி, அப்புறம் கூப்பிடுறேன்." அவன் வைத்த பிறகும் அவள் கொஞ்சநேரம் பேசிக்கொண்டிருப்பாள்.

இப்படி இருந்தவளின் வீட்டுப் பின்புறம்தான் ரேடார் வரப்போகிறது என்றார்கள். அமெரிக்கப் படையின் ரேடார். தூரத்துக் கடலுக்கு மேலே பறப்பதையெல்லாம் கண்டுபிடிப்பதாம். அலையை அனுப்புகிற கம்பங்கள் வடக்கே பெரிய தீவில், வாங்குகிற கம்பங்கள் இங்கே. முதலில் அளப்பதற்கு ஆட்கள் வந்தார்கள். ஒரு குழு காட்டுக்குள் வெட்டரிவாளோடு வழி வெட்டியது. ஒரு குழு மரங்களுக்கு ஆரஞ்சு நிறத் துணி கட்டியது. இரண்டு பெண்கள் பறவைகளின் சத்தத்தைப் பதிவுசெய்ய விடியும் முன்பே வந்து குந்தினார்கள். மதியம் ஆனால் எல்லாரும் அவள் வீட்டு முன் நிழலுக்கு வந்துவிடுவார்கள்.

முதல் நாள் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். மறுநாள் மரவள்ளி அவித்து மீன் பொரித்தாள். பிறகு விடிந்ததும் எழுந்து, இன்றைக்கு என்ன ஆக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். அவர்கள் பாஷை அவளுக்கு அரைகுறை. அதனால் என்ன? சிவந்துபோன மூக்கோடு இருந்த ஒருவன் அவளிடம் பாக்கு வாங்கி, சுண்ணாம்பை அள்ளிப் போட்டு மென்று, நாக்கு வெந்து குதித்தபோது முற்றமே அதிர்ந்தது. இசாவோ போனபிறகு அந்த முற்றத்தில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

வேலை முடிந்து ஒருநாள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் அவள் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். தண்ணீர் கொதித்த பிறகுதான் நினைவு வந்தது. அன்று முழுக்க வீட்டின் ஒவ்வொரு மூலையும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கு முன் அவள் தனியாக இருந்தாள், அவ்வளவுதான். ஆட்கள் வந்து போன பிறகு அது பசியைப் போல வயிற்றில் உட்கார்ந்துகொண்டது.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறித்ததும் எபில் படகில் வந்து இறங்கினாள். நேரே கெபெகோலின் வீட்டுக்குத்தான் வந்தாள். கையில் பை, பையில் புது முண்டு, வெற்றிலை, அரிசி மூட்டை.

"கூட்டம் வரைக்கும் உங்கூடத்தான் இருக்கப் போறேன்" என்றாள். "உன்ன வெச்சுத்தான்டி எல்லாமே. அந்தப் பக்கம் குடியிருக்கிறது நீ ஒருத்தி. நான் கொரோர்ல உக்காந்துட்டுப் பேசுறேன்னு சொல்லிடுவாங்க. உன்ன அப்படிச் சொல்ல முடியாது. அதுவும் உன் மகன் அவங்க படையிலயே இருக்கான்."

"நான் என்ன சொல்லணும் அக்கா?"

"சத்தம் வரும்னு சொல்லு. பறவையெல்லாம் போயிடும்னு சொல்லு. பயமா இருக்குன்னு சொல்லு. அது பொய்யில்லையே?" எபில் பாக்கை இரண்டாகப் பிளந்தாள். "எங்கம்மா இந்த ஓடுபாதைக்குப் பக்கத்துக் குகையிலதான் குண்டுக்கு ஒளிஞ்சிருந்தா. கூட இருந்த கடைசித் தங்கச்சி வெளிய வரல. ரெண்டு பெரிய நாட்டுக்காரன் சண்டைக்கு நம்ம தீவு கறி வெட்டுற பலகையாச்சு. இனி ஒரு சண்டை வந்தா மொத ஏவுகணை எங்க விழும்? கண்ணு எங்க இருக்கோ அங்கதான் குத்துவான்."

கெபெகோலுக்கு அதில் மறுப்பில்லை. எபில் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் எபில் வந்திருப்பதே அவளுக்கு ஒரு திருவிழாவாக இருந்தது. இரண்டு பேரும் சேம்பு வயலில் இறங்கிக் கிழங்கு பிடுங்கினார்கள். சின்ன வயதில் பாதிரியாரின் கோழியைத் திருடிய கதையைச் சொல்லி, சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஒரே பாயில் படுத்தார்கள். எபிலின் குறட்டை சுவரை உலுக்கியது. கெபெகோல் அதைக் கேட்டுக்கொண்டே சுகமாகத் தூங்கிப்போனாள். இடையில் எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது, 'அக்கா, ரேடார் வரட்டுமே' என்று. ஒவ்வொரு தடவையும் வெற்றிலைச் சாற்றோடு விழுங்கினாள்.

"சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அக்கா. சத்தம், பறவை, பயம்."

கூட்டம் பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் நடந்தது. சுவரோரம் வரைபடங்களைத் தட்டிகளில் நிறுத்தியிருந்தார்கள். முன்னால் ஒரு மைக், பதிவு செய்யும் கருவி. ஆய்வுக்குழுவின் தலைவி டெனிஸ் என்ற நரைத்த வெள்ளைக்காரி. பக்கத்தில் ஒரு பொறியாளர். மொழிபெயர்க்கக் கொரோரிலிருந்து வந்த பையன் ஒருவன். ஊரே திரண்டிருந்தது. ஊர் என்றால் ஒரு சாவுப் பந்தலில் அடங்குகிற கூட்டம்தான்.

"எதை வேணாலும் சொல்லலாம்" என்று டெனிஸ் சொல்ல, பையன் மொழிபெயர்த்தான். "நீங்க சொல்ற ஒவ்வொண்ணும் பதிவாகும்."

"அந்தக் காட்டுல குரங்குதான் ஜாஸ்தி. அதுங்க கிட்ட கேட்டாச்சா?" என்று பின்வரிசையிலிருந்து ரெங்கீல் குரல் கொடுத்தான். படகோட்டி, இசாவோவின் சித்தப்பா மகன். அவன் வாய் சும்மா இருந்ததே கிடையாது. சிரிப்பு எழுந்தது. டெனிஸும் சிரித்தாள்.

எபில் எழுந்ததும் அறை அடங்கியது. தன் தாயைப் பற்றி, குகையைப் பற்றி, வெளியே வராத சித்தியைப் பற்றிப் பேசினாள். முடிக்கும்போது கை நீட்டி, "என் தங்கச்சி கெபெகோல். அந்த எடத்துலயே வாழறவ. அவ வாயால கேளுங்க" என்றாள்.

கெபெகோல் மைக் முன்னால் போய் நின்றாள். அத்தனை பேர் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்து அவள் அறிந்ததில்லை, கல்யாணத்தைத் தவிர.

"சத்தம் வரும்" என்றாள். "பறவை... பறவையெல்லாம் இருக்கு அங்க." பிறகு என்ன என்று மறந்துவிட்டது. எபிலின் உதடு 'பயம்' என்று அசைந்ததை அவள் பார்க்கவில்லை.

டெனிஸ் அவளுக்கு உதவுவதாக நினைத்து, மெதுவாக ஏதோ கேட்டாள். பையன் திருப்பிச் சொன்னான்: "இது வந்தா உங்க அன்றாட வாழ்க்கை எப்படி மாறும்னு கேக்குறாங்க, அம்மா."

அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. மகள் கேட்டதில்லை, மகன் கேட்டதில்லை.

"ஆளு வரும்னு நெனச்சேன்" என்றாள்.

பையன் மொழிபெயர்க்கத் தயங்கினான். அவள் நிறுத்தவில்லை.

"வேலி போட்டா காவலுக்கு ஆளு வேணுமில்ல? வெளக்கு எரியுமில்ல? மத்தியானம் சாப்பிடத் தண்ணி கேட்டு யாராச்சும் வருவாங்க. அளக்க வந்தவங்க வந்தாங்களே, அது மாதிரி. போன மழைக்காலத்துல சேம்பு வயல் சேத்துல வழுக்கி விழுந்தேன். இடுப்பு பிடிச்சிடுச்சு, எழ முடியல. காலையில விழுந்தவ வெயில் சாயிற வரைக்கும் அங்கதான் கெடந்தேன். கத்தினேன். குரங்குதான் வந்து பாத்துச்சு. அப்புறம் கையால ஊர்ந்து வீட்டுக்குப் போனேன். அக்கா சொல்றது எல்லாம் சரிதான். குண்டு விழும்னா விழும். ஆனா எனக்கு... யாராச்சும் இருந்தாத் தேவலன்னு இருக்கு."

முன்வரிசைப் பெண்கள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தன பேரு தங்குவாங்க?" என்று கெபெகோல் கேட்டாள். "அது மட்டும் சொல்லுங்க."

டெனிஸ் பொறியாளரைப் பார்த்தாள். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு தணிந்த குரலில் பேசினார். பையன் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

"யாரும் தங்க மாட்டாங்களாம், அம்மா. கம்பம் தானா வேலை செய்யும். இங்க கிடைக்கிறத வேற எடத்துல உக்காந்து பாப்பாங்க. கட்டுற வரைக்கும்தான் ஆளு. அப்புறம் எப்பவாச்சும் ஒருத்தர் வந்து சரிபாத்துட்டு அன்னிக்கே போயிடுவாரு."

"ஒருத்தரும் இல்லையா?"

"இல்லம்மா."

"அப்பச் சரி" என்றாள் கெபெகோல். மைக்கைத் தொட்டு, அது ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். எபில் அவள் பக்கம் திரும்பவில்லை.

அன்றைய படகிலேயே எபில் கிளம்பினாள். அவளுக்கென்று பிடுங்கிவைத்த சேம்பை மூட்டைகட்டித் தூக்கிக்கொண்டு கெபெகோல் துறைக்கு ஓடினாள். எபில் அதை வாங்கவில்லை. படகின் முன்பக்கம் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ரெங்கீல்தான் பேசினான். "ஊர் மானத்தையே வாங்கிட்ட அண்ணி. நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

"நீ என் வீட்டுப் பக்கம் கடைசியா எப்ப வந்த?"

ரெங்கீல் யோசித்தான். அவன் முகத்தைப் பார்த்தால், அண்ணனைப் புதைத்த அன்றைக்கு வந்ததுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவன் எஞ்சினைக் கிளப்பினான்.

அதற்கடுத்த வாரங்களில் ஊர் அவளைத் தேடி வந்தது. பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, பொரித்த மாவுருண்டையும் மீனும் கொண்டுவந்து உட்கார்ந்தார்கள். "சொல்லியிருந்தா வந்திருப்போமே கெபே" என்றார்கள். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. கூட்டத்தைப் பற்றிப் பேசக் கூச்சம், வேறு எதைப் பற்றிப் பேசுவது என்றும் தெரியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போலச் சுவரைப் பார்த்தார்கள். அவர்கள் போகும்போது அவள் மனசு முன்னைவிடக் கனத்தது. பிறகு இரண்டு பேர் ஒருவரானார்கள், அந்த ஒருவரும் வருவது நின்றது. ரெங்கீல் மட்டும் ஊராட்சி லாரியில் அந்தப் பக்கம் போனால் ஹாரனை அடித்துவிட்டுப் போவான். இறங்க மாட்டான். "உள்ள வந்தா என்னடா, கடிச்சா தின்னுடுவேன்?" என்று அவள் கத்துவதற்குள் புழுதிதான் மிஞ்சும்.

ஆய்வின் முடிவு தடித்த புத்தகமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. கருத்துகளுக்கெல்லாம் பதில் கடைசியில் இருக்கிறது என்று ஆசிரியை அவளைக் கூப்பிட்டனுப்பிப் படித்துக் காட்டினாள். எபில் சொன்னதற்கு ஒரு பக்கம் பதில் இருந்தது. பறவைகளுக்கு ஏழெட்டுப் பக்கம். கூடு கட்டும் காலத்தில் மரம் வெட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். கெபெகோல் சொன்னதையும் விடாமல் எழுதியிருந்தார்கள், விழுந்தது, ஊர்ந்தது எல்லாம். அதற்கு நேரே ஒரு வரி.

"என்ன போட்டிருக்கு டீச்சர்?"

ஆசிரியை கண்ணாடியைச் சரிசெய்தாள். "நன்றின்னு போட்டிருக்கு. இந்த விஷயம் ஆய்வோட எல்லைக்குள்ள வராதாம்."

"வாஸ்தவம்தானே" என்றாள் கெபெகோல்.

ரேடாருக்கு நிலம் கொடுக்க எபில் கையெழுத்துப் போட மறுத்தாள். குலத்தின் இன்னொரு கிளையில் போட்டுவிட்டார்கள். அதை எதிர்த்து எபில் போட்ட வழக்கு தள்ளுபடியானது. மண்வெட்டும் எந்திரங்கள் வரப்போகின்றன என்று செய்தி வந்த வாரத்தில் கெபெகோலின் கைபேசி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. வின்சன் இல்லை.

"நான்தான்" என்றது எபிலின் குரல். "ரேடாருக்காக உம்மேல கோவம்னு நெனச்சிட்டிருக்கியா?"

"வேற எதுக்கு அக்கா?"

"உங்கூட ஒரே பாயில படுத்திருந்தேனேடி. அந்தச் சேத்துலதான உக்காந்து சிரிச்சோம்? அங்க விழுந்து கெடந்தேன்னு ஒரு வார்த்த எங்கிட்டச் சொன்னியா? யாரோ வெள்ளைக்காரி கேட்டாச் சொல்லுவ, எங்கிட்டச் சொல்ல மாட்ட."

கெபெகோல் கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். "நீ சந்தோஷமா இருந்த அக்கா. அதக் கெடுக்க மனசு வரல."

"கொரோருக்கு வா."

"வேணாம் அக்கா. அங்க எனக்குச் சரிப்படாது."

"பின்ன அங்கயே கெடந்து சாகப் போறியா?"

"இல்ல" என்றாள். அப்படிச் சொல்வாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "துறைக்குப் பக்கத்துல நம்ம மாமா வீடு பூட்டிக் கெடக்கே. அதத் தொறந்துக்கட்டுமா?"

மறுமுனையில் எபில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "கூரை ஒழுகும்டி" என்றாள். "ரெங்கீலத் தகரம் அடிச்சுத் தரச் சொல்றேன்."

ரெங்கீல் லாரியைக் கொண்டுவந்தான். ஏற்றுவதற்கு அதிகம் இல்லை. சட்டிகள், பாய், இசாவோவின் வலை, அதை யாரும் வீசப் போவதில்லை என்றாலும். வண்டி கிளம்பும் முன் அவள் இசாவோவை அடக்கிய கல் மேடைக்கு அருகே போய், "காலையில வந்து பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ரெங்கீல் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். லாரி ஓடுபாதையைத் தாண்டும்போதே குரங்குகள் பப்பாளி மரத்தில் ஏறிவிட்டன. அவள் திட்டவில்லை.

மாமாவின் வீட்டுக்கும் ரெங்கீலின் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். ஆனாலும் முதல் சில நாட்கள் கிழக்குக்கரையைப் போலவே கழிந்தன. அவரவருக்கு அவரவர் வேலை. கடைக்குப் போனால், "வந்துட்டியா" என்பார்கள். அவ்வளவுதான். காலையில் இசாவோவைப் பார்க்க நடந்து போய், வெயில் ஏறும் முன் திரும்பி, சமைத்து, தனியாகச் சாப்பிட்டாள். இடத்தை மாற்றினால் இது மாறிவிடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் அந்திநேரத்தில் பக்கத்து வீட்டில் சண்டை மூண்டது. ரெங்கீலும் அவன் மனைவி உலாங்கும்.

"என் டார்ச்சு எங்கடி?"

"உன் டார்ச்சுக்கு நான் ஆயாவா?"

"மீனுக்குப் போகணும், தண்ணி ஏறுது, வெளையாடாத."

"வெச்ச எடத்துல தேடு. போன வாரம் பல்லு செட்டக் காணோம்னு என்னைத் திட்டின. எங்க இருந்துச்சு? உன் வாயில."

கெபெகோல் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். சண்டை கோழிக்குத் தாவியது, மாமியாருக்குத் தாவியது, திரும்ப டார்ச்சுக்கு வந்தது. மத்தியானம் துறையில் கவிழ்த்து வைத்திருந்த படகுக்கு அடியில் அது கிடந்ததை அவள் பார்த்திருந்தாள். சொல்லலாமா, ஒட்டுக்கேட்டதாக நினைப்பார்களா என்று யோசித்தாள். உலாங்க் எதையோ தூக்கித் தரையில் போட்டாள்.

"படகுக்கு அடியில கெடக்கு!" என்று கெபெகோல் தகரத்தைப் பார்த்துக் கத்தினாள்.

அந்தப் பக்கம் சட்டென்று அடங்கியது.

"அண்ணி, எல்லாத்தையும் கேட்டுட்டா இருந்த?" என்றான் ரெங்கீல்.

"நீ பேசுறது கொரோர் வரைக்கும் கேக்குது. எனக்குக் கேக்காதா?"

உலாங்க் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்புக்கு நடுவே, சூப்பு மிஞ்சியிருக்கிறது, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வா என்று சொன்னாள். கெபெகோல் தன் கிண்ணத்தில் இருந்த கஞ்சியைச் சட்டியில் திருப்பி ஊற்றிவிட்டு, அதைக் கழுவ எழுந்தாள்.